சர்வர் ரூம் சென்னியப்பன்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. செருப்ப வெளிய விட்டுட்டீங்கல்ல? சர்வர் ரூமுக்குள்ள செருப்பு ஆகாது, நான் யாரையும் உடறதில்ல. முதலாளியே வந்தாலும் கழட்டிட்டுத்தான் வருவாரு. நீங்க சொல்லாமயே கழட்டிட்டீங்க, பரவால்ல, பெரியவங்க நல்லா வளத்திருக்காங்க.

முதலாளி சாப்பிடப் போயிருக்காரு, வர்றதுக்குச் செத்த நேரமாகும். எதுக்கு வந்திருக்கீங்கன்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், முதுகுல அந்தப் பையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கோகிலவாணி இருந்த எடத்துக்குத்தான? நெனச்சேன். முதலாளி கேக்கறத அப்பறம் கேக்கட்டும், மொதல்ல நான் சொல்றதக் கேட்டுக்கோங்க. இங்க வேலைக்கு வர்றவங்க முதலாளியப் புரிஞ்சுக்கறத விட என்னையப் புரிஞ்சுக்கறதுதான் முக்கியம். நான் சென்னியப்பன். சங்ககிரியில எந்த லாரி டிரைவர வேணாலும் கேளுங்க, சர்வர் ரூம் சென்னியப்பன்னாத் தெரியும்.

பொட்டியப் பாத்தீங்களா? பட்டுத்துணி போத்திக் கெடக்குதே, அதுதான். நம்ம டிரான்ஸ்போர்ட்டுல லோடு புக்கிங்கு, வண்டிப் பில்லு, எந்த வண்டி எங்க நிக்குதுங்கறது, அத்தனையும் அதுக்குள்ள. பில்லு அடிக்காம ஒரு வண்டி கேட்டத் தாண்ட முடியாது. தாண்டுனா செக்போஸ்ட்டுல மடக்கிருவான். அந்தப் பொட்டிய வாங்கி, லினக்சு போட்டு, இத்தன வருசமா மழையும் இடியும் பாத்துக் காப்பாத்துனது யாருன்னு நெனைக்கறீங்க? நானுங்க. போட்டது கோயமுத்தூர்க்காரன்தான். ஆனா கூட நின்னது நானு.

ரூட் பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டுந்தானுங்க. ரூட்டுன்னா உங்களுக்குச் சொல்ல வேண்டாம், அவந்தான் பொட்டிக்கே எசமான். எதையும் வெக்கோணும், எடுக்கோணும்னா அவன் உத்தரவு வேணும். முதலாளிக்குத் தெரியாது. என்ற வீட்டுக்காரிக்குத் தெரியாது. போன வருசம் நெஞ்சு வலின்னு என்னைய ஆஸ்பத்திரியில படுக்க வெச்சாங்க, அப்பக்கூட முதலாளி வந்து கையப் புடிச்சுட்டுக் கேட்டாரு. சொல்லலியே. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? என்னையப் பாக்க மறு நாளு வந்திருப்பாரா? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க, மனுசன் கொணம் அப்படி.

இப்பிடி இருக்கறப்பத்தான் அந்தப் புள்ள வந்தா. கோகிலவாணி. பவானிப் பக்கம். படிச்ச படிப்பெல்லாம் கழுத்துல தொங்கற ஐடி கார்டு மாதிரி ஆடிட்டே இருக்கும். வந்த ஒடனே, அண்ணா, நம்ம சர்வர்ல கண்டெய்னர் சாப்ட்வேர் வெக்கோணுமுங்ணாங்கறா. எதுக்கு அம்மிணின்னு கேட்டேன். பழைய புக்கிங் சாப்ட்வேருக்கும் புதுசா வாங்குன பில்லு சாப்ட்வேருக்கும் ஒத்துவரலியாம். ஒண்ணு பழைய சரக்குக் கேக்குதாம், இன்னொண்ணு அதே சரக்குல புதுசு கேக்குதாம். ஒரே பொட்டியில ரெண்டும் இருந்தா மல்லுக்கட்டுதாம். ஆளுக்கொரு தடுப்புப் போட்டு, அவங்கவங்களுக்கு வேண்டியத உள்ளயே குடுத்துட்டா சண்ட இல்லியாம். அதுதான் கண்டெய்னராம்.

எனக்குப் புரியோணும்னு ஒண்ணு சொன்னா பாருங்க. ஒரே வீட்டுல ரெண்டு மருமகளுக்கும் தனித்தனி அடுப்பு வெச்சுக் குடுக்கற மாதிரிங்ணான்னா. தனி அடுப்பு வெச்சா அது எப்பிடிம்மிணி ஒரே வீடுன்னு கேட்டேன். எங்க வீட்டுல எனக்கும் எந்தம்பிக்கும் நடுவாசல்ல செவுரே வெச்சாச்சு, அது வேற நாயம்.

முதலாளி சரின்னுட்டாரு. அவருக்கென்ன, படிச்ச புள்ள சொன்னாச் சரிதான். நான் ஒண்ணும் சொல்லலீங்க. வெய்யி, ஆனா பாஸ்வேர்டு குடுக்க மாட்டேன்னேன். நீ பின்னாடி நின்னு சொல்லு, நான் அடிக்கறேன். பாஸ்வேர்டு அடிக்கறப்ப மட்டும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கோன்னேன். திரும்பி நின்னா. செத்த நேரம் சும்மா இருந்தா அது மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குமுல்ல, மறுபடியும் திரும்புவா. நான் ஒவ்வொரு எழுத்தாப் பாத்துத்தான் அடிப்பேன், அவசரமெல்லாம் எனக்கு ஆகாது. அதுக்குள்ள அது கேட்டுரும். அன்னிக்கு அவ பொட்டியப் பாத்ததை விடச் செவுத்தப் பாத்ததுதான் அதிகம்.

மொத வரி என்ன தெரியுங்களா? 'ரிமூவ்'னு ஆரம்பிக்குது. கைய எடுத்துட்டேன். ஏம்மிணி, நீ வெக்க வந்தியா, எடுக்க வந்தியான்னு கேட்டேன். பழசு ஏதாச்சும் மிச்சம் கெடந்தாப் புதுசோட மோதும்ணா, அத மொதல்ல எடுத்தரச் சொல்லித்தான் அதச் செஞ்சவங்களே எழுதியிருக்காங்கன்னா. என்ற பொட்டியில இருந்து ஒரு துரும்பக்கூட எடுக்க முடியாதுன்னுட்டேன். அப்பறம் அவளே தேடிப் பாத்து, எடுக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்ணான்னு காட்டுனா. அத மொதல்லயே பாக்கறதுக்கென்ன? அரை நாளு அதுலயே போச்சு. எனக்கொண்ணும் நட்டமில்ல.

அடுத்தது சாவியாம். அந்தச் சாப்ட்வேர் செய்யறவங்க ஒரு சாவி குடுப்பாங்களாம், அத நம்ம பொட்டியில வாங்கி வெக்கோணுமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஊரு பேரு தெரியாதவன் சாவிய எம்பொட்டியில வெக்கறதா? அது கதவு தொறக்கற சாவி இல்லீங்ணா, வர்ற சரக்கு அவங்க அனுப்புனதுதானா, நடுவுல எவனாச்சும் மாத்திட்டானான்னு முத்திரை பாக்கறதுக்குங்கறா. இந்தப் பேச்செல்லாம் எங்கிட்டயா? முதலாளி வந்து, அடி சென்னியப்பான்னு சொன்னதுக்கப்பறம் அடிச்சேன். அவரு சொன்னதுக்காக அடிச்சேன், அவளுக்காக இல்ல.

எல்லாம் முடிஞ்சு, வெச்சது சரியா நிக்குதான்னு பாக்க ஒண்ணு ஓட்டோணும்னா. ஓட்டுனேன். என்ன வந்துச்சுங்கறீங்க? 'ஹலோ'ன்னு வந்துச்சு. அவ்வளவேதான். காலையில இருந்து கழுத்து நோக அடிச்சதுக்கு, ஒரு ஹலோ. அந்தப் புள்ளைக்கு அதப் பாத்துக் கண்ணெல்லாம் தண்ணி. வந்துருச்சுங்ணா வந்துருச்சுங்ணான்னு சிரிக்குது. ஹலோ கேக்கறதுக்கு ஃபோன் போட்டாப் பத்தாதான்னேன். சிரிப்பு நின்னுபோச்சு.

அதோட உட்டாளா? இன்னும் ரெண்டே ரெண்டுங்ணான்னு இழுத்தா. ஒண்ணு, அவ பேர ஒரு குழுவுல சேக்கோணுமாம். சேத்தா ஒவ்வொண்ணுக்கும் என்னையக் கூப்புட வேண்டியதில்லையாம். பாத்தீங்களா? என்னையக் கூப்புட வேண்டியதில்லை. எப்பிடிப் போகுது பாருங்க புத்தி. முடியாதுன்னேன். இன்னொண்ணு, ஒரே ஒரு வரி. பொட்டி நின்னு மறுபடி எந்திரிக்கறப்ப, இந்தக் கண்டெய்னரும் தானா எந்திரிக்கறதுக்கு. இல்லீன்னா ஒவ்வொரு தடவயும் ஆளு வந்து எழுப்போணுமாம். நான் சிரிச்சுட்டேன். என்ற பொட்டி என்னிக்கும்மிணி தூங்குச்சு? நான் இருக்கற வரைக்கும் அது நிக்காது, போயி வேலையப் பாருன்னு தாட்டி உட்டுட்டேன்.

இருங்க தம்பி, அது என்ன, ஆரன் சத்தமா? வண்டி கெளம்புதாட்ட இருக்குது. கெளம்பட்டும்.

எங்க உட்டேன்? ஆமா. ஓடுச்சுங்க. நான் இல்லீங்கல. ரெண்டு சாப்ட்வேரும் ஒண்ண ஒண்ணு முட்டாம ஓடுச்சு. டிரைவருங்க எல்லாம் அந்தப் புள்ளையத் தலையில வெச்சு ஆடுனாங்க. பில்லு சட்டுனு வருதும்மிணிங்கறாங்க. தெனமும் பொழுதோட எல்லாத்துக்கும் ஒரு நகல் முதலாளி கம்ப்யூட்டருக்குப் போற மாதிரியும் பண்ணி வெச்சா. வேண்டாத வேல. எம்பொட்டியில இருக்கறது பத்தாதா? ஆனா எது ஒண்ணுன்னாலும், அண்ணா ஒரு நிமிசம் வாங்கன்னு இந்தக் கதவத் தட்டித்தான் ஆகோணும். நான் டீ குடிச்சிட்டு இருந்தா நிப்பா. பேப்பர் படிச்சிட்டு இருந்தா நிப்பா. நான் பழனிக்கு மாலை போட்டு நடந்து போயிட்டேன், வர்ற வரைக்கும் நின்னுச்சு வேல. வரட்டும்னு காத்திருந்தாங்க. அதுக்குப் பேருதான் மரியாத.

அப்பறம் வந்துச்சு ஆயுத பூசை. லாரி ஆபீசுல ஆயுத பூசைன்னா எப்பிடியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க டவுன் ஆளு. வண்டியெல்லாம் கழுவி, வாழக்கன்னு கட்டி, டயருக்கு டயரு எலுமிச்சம்பழம் வெச்சு நிறுத்திருவோம். அன்னிக்கு ஸ்பேனரு, ஜாக்கி, கணக்குப்புள்ள பேனா, எதுவும் வேல செய்யக் கூடாது. எல்லாம் சாமி முன்னாடி கெடக்கோணும். பொட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருசா வருசம் அன்னிக்கு நானே அணைப்பேன். தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, சூடம் காட்டுவேன்.

என்ன பாக்கறீங்க? நிக்காதுன்னு சொன்னேனே, அதுவா? அது நிக்கறதில்லீங்க தம்பி, அது பூசை. ரெண்டும் ஒண்ணா?

முந்துன நாளு அவளும் இதையேதான் கேட்டா. அணைக்கறதுன்னா அந்த வரிய இப்பவே அடிச்சரலாங்ணான்னா. நோம்பிக்கு ஊருக்குப் போம்மிணி, சாமி காரியத்துல நாயம் பேசாதன்னேன். போயிட்டா.

மறு நாளு நல்ல நேரம் பாத்துப் பொட்டிய எழுப்புனேன். எந்திரிச்சுது. வெளிய வந்து பாத்தா புக்கிங்கும் இல்ல, பில்லும் இல்ல, திரை வெறுசாக் கெடக்குது. லோடு ஏத்துன வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. தக்காளி வண்டி வேற. டிரைவருங்க இந்தக் கதவுக்கு முன்னாடி கூட்டமா நிக்கறாங்க. பாத்தீங்களா அவ லட்சணத்த? வருசம் முழுக்கப் பட்டினி கெடந்தாலும் எந்திரிச்சு நிக்கற பொட்டி என்றது. அவ வெச்சது ஒரு நாளு பூசை தாங்கல.

ஃபோன் போட்டாங்க அவளுக்கு. ஸ்பீக்கர்ல பேசறா. அண்ணா, கண்டெய்னர் ஸ்டார்ட் ஆகலீங்ணா, அவ்வளவுதான், நான் சொல்றேன், ஒரு வரி அடிங்கங்கறா. அத்தன டிரைவரும் என்ற மொகத்தையே பாக்கறாங்க. நேத்து வந்த புள்ள ஊருல உக்காந்துட்டு எழுத்தெழுத்தாச் சொல்லுவா, நான் கை கட்டிட்டு அடிக்கோணுமா? எத்தன வருசம் தம்பி இந்த ரூமுல? ஃபோன வெச்சுட்டேன். முதலாளிகிட்டப் போயி, அந்தப் புள்ள வெச்சது படுத்துருச்சுங்க, இனி என்னாகும்னு சொல்ல முடியாதுங்கன்னேன். பொய்யா? படுத்துத்தான கெடந்துச்சு?

முதலாளிக்கு மொகம் கறுத்துப்போச்சு. தக்காளிக்காரரு வேற அவரு சட்டையப் புடிக்காத கொறையா நிக்கறாரு. நீ வேற எடம் பாத்துக்க அம்மிணின்னு ஃபோன்லயே சொல்லிட்டாரு. நான் சொல்லச் சொல்லலீங்க. அவராச் சொன்னாரு.

அப்பறம் எல்லாரையும் வெளிய அனுப்பிக் கதவச் சாத்தீட்டு உக்காந்தேன். அவ சொல்ல வந்த வரி எனக்குத் தெரியாததா? வெச்ச அன்னிக்கே அடிச்சதுதான. அடிச்சேன், தட்டுனேன். ரெண்டும் எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சுது. ஒடனே கதவத் தொறக்கல, செத்த நேரம் ஃபேனப் போட்டு உக்காந்திருந்துட்டுத் தொறந்தேன். முதலாளி என்ற தோளப் புடிச்சுட்டு, சென்னியப்பா, நீ இல்லீன்னா இன்னிக்கு நான் தெருவுல நின்னிருப்பேன்னாரு. டிரைவருங்க முன்னாடியே சொன்னாரு.

அந்தப் புள்ள பொருள எடுக்க வந்தா. டிபன் பாக்ஸு, ஒரு ஸ்வெட்டரு, வேறென்ன இருக்கப்போகுது. அழுவான்னு பாத்தேன், அழுகல. இந்த வாசப்படியிலதான் நின்னா. அண்ணா, தானா எந்திரிக்கற அந்த வரிய மட்டும் ஒரு நாளு அடிச்சு வெச்சுருங்க, கரண்டு போனா வண்டியெல்லாம் நின்னுரும், பாவம் டிரைவருங்கன்னா. போற போக்குல எனக்கு வேல சொல்லிட்டுப் போறா. என்ன திமிரு பாருங்க.

அடிக்கலீங்க. எதுக்கு அடிக்கோணும்? கரண்டு போகுது, வருது. நான் வந்து அடிச்சா எந்திரிக்குது. நான் அடிச்சாத்தான் எந்திரிக்கும். தானா எந்திரிச்சா அப்பறம் யாரு வேணாலும் எப்ப வேணாலும் ஓட்டலாமே, அதுக்குப் பேரு பாதுகாப்பா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

ஒரு தடவ மட்டும் கொஞ்சம் எசகுபெசகாப் போச்சு. மச்சினன் மக கல்யாணம், தாராபுரத்துல. மண்டபத்துல மேளச்சத்தத்துல ஃபோன் கேக்கல. இங்க கரண்டு போயிருக்குது, பேட்டரியும் தீந்துருக்குது. முதலாளி கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்திருக்காரு. அப்பறம் யார யாரையோ கேட்டு, கடைசியில அந்தப் புள்ளைக்கே ஃபோன் போட்டிருக்காரு. வெக்கமில்லாம அவளும் பேசியிருக்கா. வரி இதுதானுங்க, ஆனா பாஸ்வேர்டு அண்ணன்கிட்டத்தான இருக்குதுன்னிருக்கா. மறு நாளு நான் வந்து அடிச்சேன். அதுவரைக்கும் ஒரு வண்டி நகரல.

கத்துவாருன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேக்கலீங்க. ஏன் ஃபோன் எடுக்கலன்னு கேக்கல, பாஸ்வேர்டக் குடுன்னு கேக்கல. என்னையப் பாத்தாரு, தலைய ஆட்டுனாரு, போயிட்டாரு. அதுல இருந்து இந்த ரூமுப் பக்கமே வர்றதில்ல. அவ்வளவு நம்பிக்க. வேற எந்த முதலாளியா இருந்தாலும் கண்ணுல வெரல உட்டு ஆட்டியிருப்பான்.

இன்னிக்கும் பாருங்க, காலையிலயே கரண்டு போச்சு. பொட்டி எந்திரிச்சிருச்சு, உள்ள இருக்கற ரெண்டும் படுத்துத்தான் கெடக்குது. நான் இன்னும் அந்த வரிய அடிக்கல. கூப்புடட்டும், அடிக்கறேன். கூப்புடாம நானாப் போயி அடிச்சா நம்ம மதிப்பு என்னாகறது? காலையில இருந்து உக்காந்திருக்கேன். இன்னும் ஒருத்தரும் கூப்புடல. இதா, மறுபடியும் ஆரன். என்னமோ வண்டி மேல வண்டி போயிட்டே இருக்குது. நேத்து அடிச்ச பில்லா இருக்குமாட்ட இருக்குது.

என்னுங்க? இல்லீங்களா? இன்னிக்குப் பில்லா?

எப்பிடிங்க தம்பி இன்னிக்குப் பில்லா இருக்கும்? பொட்டி இங்க கெடக்குது, நான் இங்க உக்காந்திருக்கேன்.

வேற மிஷினா? எங்க? மும்பையிலயா? வாடகைக்கா?

இல்லீங்க, நீங்க வேலைக்குத்தான வந்தீங்க. அந்தப் புள்ள எடத்துக்கு. நான் கேட்டப்ப நீங்க தலைய ஆட்டுனீங்களே. சரி, ஆட்டல, நானாத்தான் நெனச்சுட்டேன், சொல்லுங்க. அதெப்பிடிங்க எம்பொட்டியில இருந்து எடுத்தீங்க? ரூட் பாஸ்வேர்டு இல்லாம ஒரு துரும்பு எடுக்க முடியாதே. எடுக்கலியா? முதலாளி கம்ப்யூட்டருக்குப் போற நகல்ல இருந்தா? கண்டெய்னருங்கறதால எந்த மிஷின்ல வேணாலும் அப்பிடியே எறக்கி ஓட்டிக்கலாமா? நேத்தே ஓட ஆரம்பிச்சுருச்சா? நேத்து நான் இங்கதான இருந்தேன் தம்பி, பொழுது வரைக்கும். எங்கிட்ட ஒருத்தர் சொல்லலியே.

யாரு பண்ணுனது? நீங்களா?

கோகிலவாணியா.

உங்க ஆபீசுலயா இருக்கா? உங்களுக்கு மேலயா? ஓகோ. நான் இவ்வளவு நேரம் பேசுனதெல்லாம் கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தீங்க. பரவால்ல. அவகிட்டச் சொல்லிக்கோங்க. இல்ல, சொல்ல வேண்டாம்.

அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க, பாஸ்வேர்டு வாங்கத்தான? முதலாளி அனுப்பிச்சாரா? நேர்ல வந்து கேக்கச் சங்கடப்பட்டுட்டு உங்கள அனுப்பியிருக்காரு, அதான. குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. அவரே வந்து கேட்டாத்தான். இல்லியா? பொட்டிய அணைச்சுட்டு ஒயரக் கழட்டிட்டுப் போகச் சொன்னாரா? அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்தான். பின்னால பொத்தான அமுக்குனாப் போதும்.

இருங்க தம்பி. ஒயர்ல கை வெக்காதீங்க, செத்த இருங்க. உள்ள பழைய கணக்கெல்லாம் இருக்குது. அதுக்காச்சும் வேண்டாமா? அதுவும் நகல்ல வந்துருச்சா.

ஒரு பேச்சுக்காவது கேளுங்க. எனக்குத் தர முடியாதுன்னு இல்லீங்க, கேட்டாத் தர்றேன். இத்தன வருசம் யாருக்கும் சொல்லாதது. ஆஸ்பத்திரியில கேட்டப்பக்கூடச் சொல்லாதது. சரி, நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். பேனா இருக்குதுங்களா? பேனா இல்லாட்டியும் பரவால்ல, ஃபோன்ல எழுதிக்கோங்க. ஒயரக் கழட்டிட்டீங்க, சரி, கெளம்பாதீங்க தம்பி. பெரிய எழுத்து எஸ்ல ஆரம்பிக்கும்.